சொல்லிவிட்டுச் சாகட்டும்: சி நிரல்களில் கிராஷ் ஹேண்ட்லர்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்தில் ஜூலை மழை வந்து போகாது, வந்து குடியிருக்கும். அப்படியொரு பின்னேரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து போன் வந்தது.

"தம்பி, பெட்டி வேல செய்யுதில்ல."

"லைட் எரியுதாண்ணே?"

"லைட்டெல்லாம் எரியுது. தராசும் நம்பர் காட்டுது. அட்டைய வச்சா மட்டும் சும்மா கெடக்கு. நாப்பது பேரு கூடையோட நிக்கிறாங்க, மழ வேற."

பெட்டி என்று அவர் சொன்னது ஒரு ராஸ்பெரி பை, உள்ளங்கையளவுக் கணினி. தராசு சொல்லும் கிலோவை வாங்கி, கொழுந்து எடுப்பவரின் அட்டை எண்ணோடு சேர்த்துப் பதியும் சின்ன சி நிரல் ஒன்று அதில் ஓடுகிறது. எழுதியவன் நான்தான். நிரல் விழுந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. சி நிரல் என்றால் ஒரு நாள் விழும். விழுந்தால் 3 விநாடியில் திரும்ப எழுப்பும்படி, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு நிரல் விழுந்தது, ஆனால் சாகவில்லை. விழும்போது காரணத்தை எழுதி வைக்கட்டும் என்று ஆசையாகச் சேர்த்த கிராஷ் ஹேண்ட்லர் பாதி வழியில் உறைந்து நின்றுவிட்டது. வெளியே இருந்து பார்க்கும் சிஸ்டம்டிக்கு அது உயிரோடு இருக்கிற புரொசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். உயிரோடு இருப்பதை அது ஏன் எழுப்பப் போகிறது?

கணக்குப்பிள்ளை கொப்பியில் எழுதிச் சமாளித்தார். நனைந்த பக்கத்தில் இரண்டு பேருக்கு நேரே இருந்த கிலோ அழிந்துபோனது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், அதைப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. ஹேண்ட்லரே இல்லாமல் இருந்திருந்தால் 3 விநாடியில் முடிந்திருக்கும் கதை.

கெட்ட கிராஷ் ஹேண்ட்லரைவிட ஹேண்ட்லர் இல்லாத நிரல் மேல் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். நல்ல ஹேண்ட்லர் எழுத முடியும், எழுதவும் வேண்டும். ஆனால் சி படித்த நாளிலிருந்து கைக்குப் பழகிய கருவிகளில் முக்கால்வாசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதற்குள் போக வேண்டும். ஏன் என்று விளங்கினால் மிச்சம் தானாக வரும்.

நிரல் தனக்குச் சொந்தமில்லாத முகவரியைத் தொட்டால் முதலில் கண்டுபிடிப்பது சிபியு. அது இயங்குதளத்தின் கருவான கேர்னலிடம் முறையிடும், கேர்னல் அந்த நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். லினக்ஸில் இதற்கு எண் 11, பெயர் சிக்செக்வி. நிரல் தானே கைவிட்டு அபோர்ட் செய்தால் 6. சிபியுவுக்குப் புரியாத கட்டளை என்றால் 4. முழு எண்ணை 0ஆல் வகுத்தால் 8; அதுவும் இன்டெல் வகைச் சிபியுவில்தான். ராஸ்பெரி பையில் இருக்கும் 64-பிட் ஆர்ம் சிபியு, 0ஆல் வகுத்தால் விடை 0 என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். மடிக்கணினியில் விழுந்த நிரல் பெட்டியில் விழாமல் தப்பான கணக்கோடு ஓடியதை இதனால் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஷெல்லில் ஓட்டிய நிரல் 139 என்று முடிந்தால் 128உடன் 11, 134 என்றால் 128உடன் 6 என்று வாசிக்க வேண்டும்.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தச் சிக்னல்கள் எல்லாம் நிரலைக் கொன்றுவிடும். சிக்அக்ஷன் என்ற அழைப்பின் மூலம், கொல்லும் முன் என் ஃபங்ஷன் ஒன்றை ஓட்டு என்று கேர்னலிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர். பார்வைக்கு மற்ற ஃபங்ஷன்கள் போலவே இருக்கும், கம்பைலரும் எதுவும் சொல்லாது, அதுதான் பொறி. மற்ற ஃபங்ஷனை நாம் கூப்பிடுகிறோம், இரண்டு வரிகளுக்கு நடுவே, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது. ஹேண்ட்லரோ எந்தக் கட்டளையின் நடுவிலும் வந்து குதிக்கும். நிரலுக்கு மெமரியைத் துண்டு துண்டாக ஒதுக்கித் தரும் மல்லொக், தன் பட்டியலில் ஒரு துண்டைக் கழற்றி, இன்னும் மறுமுனையைக் கட்டாமல் இருக்கும் நொடியிலும் வரும்.

ஸ்டோரில் சாமான் அறைப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். உள்ளே போய்க் கதவைப் பூட்டி, கணக்கை மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது அவரை வெளியே இழுத்து வந்து, "அந்த அறையில் இருந்து ஒரு கொப்பி எடுத்து வா" என்கிறோம். அறை பூட்டியிருக்கிறது. பூட்டியவர் திறக்கும்வரை காத்திருப்பதுதான் விதி. பூட்டியவரும் இவர்தான். தன் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, தானே வந்து திறப்பதற்காகத் தானே வாசலில் நிற்பார், சாகும்வரை. மல்லொக்குக்குள் விழுந்த நிரலின் ஹேண்ட்லர் மல்லொக்கைக் கூப்பிட்டால் நடப்பது இதுதான். ஒரே திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) மட்டும் ஓடும் நிரலில், மல்லொக் இருக்கும் லினக்ஸின் சி நூலகமான இன்றைய ஜிலிப்சி அந்தப் பூட்டைப் போடுவதில்லை. அது வரம் போலத் தெரியும். ஆனால் குழம்பிக் கிடக்கும் அதே பட்டியலுக்குள் மறுபடி போய் மறுபடி விழுவதற்குத்தான் அது வழிவிடுகிறது. என் நிரலில் திரெட் இரண்டு, தராசுக்கு ஒன்று, கணக்கை ஆபீசுக்கு அனுப்ப ஒன்று. அதனால் பூட்டு இருந்தது.

பெட்டியை நிறுத்த வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். மறுநாள் ஹட்டனில் பஸ் ஏறிப் போய், உறைந்து நின்ற புரொசஸில், நிரலுக்குள் எட்டிப் பார்க்கும் ஜிடிபியை மாட்டினேன். எது எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கான ஸ்டாக் முழுதும் கண் முன்னே கிடந்தது. அடியில் என் நிரலின் வரி. அதன் மேல் மல்லொக். பட்டியல் கெட்டுப்போனதை மல்லொக் தானே கண்டுபிடித்து அபோர்ட்டைக் கூப்பிட்டிருக்கிறது. அதன் மேல், சிக்னல் ஹேண்ட்லர் அழைக்கப்பட்டது என்று ஜிடிபி போடும் வரி. அதற்கும் மேல் என் ஹேண்ட்லர், முகவரிகளைப் பெயராக மாற்ற அது கூப்பிட்ட பேக்ட்ரேஸ்-சிம்பல்ஸ், அது கூப்பிட்ட மல்லொக், உச்சியில் பூட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு வரி. இரண்டு மல்லொக்குக்கு நடுவில் நான் எழுதிய ஹேண்ட்லர், இரண்டு மாட்டுக்கு நடுவில் அகப்பட்ட நுகத்தடி மாதிரி.

பட்டியலைக் கெடுத்தது யார் என்பது தனிக் கதை, தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. அட்டையில் பெயரை ஆங்கில எழுத்தில் காட்டிக்கொண்டிருந்த நிரலை, அந்த வாரம்தான் தமிழில் காட்டும்படி மாற்றியிருந்தேன். பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, கொம்புக்கோ காலுக்கோ இன்னொன்று என்று பெரும்பாலான எழுத்து 6 பைட் பிடிக்கும். முத்துலட்சுமி என்று எழுதினால் கண்ணுக்கு 7 எழுத்து, குறிகள் 13, பைட் 39, முடிவுக் குறியோடு 40. ஒதுக்கிய 32ஐத் தாண்டிவிட்டது. ஆனால் 64-பிட் ஜிலிப்சியில் 32 கேட்டால் உண்மையில் எழுத முடிகிற இடம் 40 பைட் கிடைக்கும், அதனால் ஒன்றும் ஆகாது. நம் பக்கத்தில் பலர் எழுதுவது முத்துலெட்சுமி. அந்த ஒற்றைக் கொம்புக்கு இன்னும் 3 பைட், மொத்தம் 43. கடைசி 3 பைட் பக்கத்துத் துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்தின் மேல் போய் விழுந்தது. அந்த மலையில் அந்தப் பெயரில் ஒருவர் அன்றைக்கு முதல் தடவையாக அட்டையை வைத்திருக்கிறார்.

அவர் அட்டை வைத்தபோது நிரல் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு பலர் அட்டை வைத்துப் போனார்கள். வேறு யாரோ ஒருவருக்காக மல்லொக் அந்தத் துண்டைத் தொட்டபோதுதான் விழுந்தது. மேல் லயத்துக் கான், அதாவது வடிகால், அடைபட்டால் இடிவது கீழ் லயத்துச் சுவர். பேக்ட்ரேஸ், அதாவது விழுந்த இடத்துக்கு வந்த வழி, இடிந்த சுவரைத்தான் காட்டும், அடைபட்ட கானைக் காட்டாது. அதைக் கண்டுபிடிக்க, மெமரித் தவறைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டுக் கம்பைல் செய்து வீட்டில் ஓட்டினேன், முதல் ஓட்டத்திலேயே பெயரை நகலெடுக்கும் வரியைக் கையைப் பிடித்துக் காட்டியது.

இது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்யும் தவறு என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 1ஆம் திகதி குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட, சிவிஇ-2024-6387 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை இதே சங்கதிதான். உலகத்துச் சேர்வர்களில் பெரும்பகுதி வாசற்கதவாக வைத்திருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச், 120 விநாடிக்குள் ஒருவர் உள்நுழையாவிட்டால் அலாரம் சிக்னல் மூலம் அவரை வெட்டிவிடும். அந்தச் சிக்னலின் ஹேண்ட்லர் அப்போது சிஸ்லொக் என்ற பதிவேட்டில் ஒரு வரி எழுதியது. ஜிலிப்சியின் சிஸ்லொக் உள்ளே மல்லொக்கைத் தொடும். சரியான நொடியில் அந்தச் சிக்னல் விழும்படி பார்த்துக்கொண்டால், கடவுச்சொல் இல்லாமலே ரூட் என்ற முழு அதிகாரத்தோடு உள்ளே போக முடிந்தது. 32-பிட் இயந்திரங்களில் செய்த சோதனைகளில் அந்த நொடியைப் பிடிக்கச் சராசரியாக 10,000 முயற்சி போதுமாக இருந்தது. கூடுதல் வெட்கம், இது 2006இலேயே சிவிஇ-2006-5051 என்று பதிவாகி மூடப்பட்ட ஓட்டை. பின்னால் வந்த ஒரு திருத்தத்தில் பாதுகாப்பாக இருந்த ஒரு வரி கழன்றுபோக, 8.5பி1 பதிப்பிலிருந்து மறுபடி திறந்துகொண்டது. 9.8பி1 பதிப்பில்தான் அடைத்தார்கள். அனுபவசாலிகள் பலர் கண் வைத்திருக்கும் நிரலிலேயே இது நடந்தது.

அப்படியானால் ஹேண்ட்லருக்குள் எதைத்தான் கூப்பிடலாம்? யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் தரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது; லினக்ஸில் சிக்னல்-சேஃப்டி என்ற மேனுவல் பக்கத்தைத் திறந்தால் முழுவதும் கிடைக்கும். ரைட், ஓப்பன், ரீட், எஃப்சிங்க், அலாரம், ரெய்ஸ், அடிக்கோடு போட்ட எக்ஸிட் எல்லாம் அதில் உண்டு. பிரின்ட்எஃப், மல்லொக், ஃப்ரீ, சிஸ்லொக் எதுவும் இல்லை. நேரத்தை விநாடியாகச் சொல்லும் டைம் உண்டு. அதை ஆண்டு மாதம் நாள் என்று பிரிக்கும் லோக்கல்டைம் இல்லை, அதற்குள்ளும் ஒரு பூட்டு. ஒரு சரத்தின் நீளத்தை எண்ணும் அப்பாவி ஸ்டிர்லென்கூட 2016இல் வந்த திருத்தத்தில்தான் இடம்பிடித்தது. பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பூட்டுப் போடுமா, மெமரி கேட்குமா, பொதுவான இடத்தில் எதையாவது பாதி எழுதி வைக்குமா என்று மூன்று கேள்வி கேட்டால் பெரும்பாலும் விடை வந்துவிடும். சந்தேகம் இருந்தால் கூப்பிடாதீர்கள்.

இப்போது பெட்டியில் ஓடும் ஹேண்ட்லர் ஒரு பக்கம்கூட வராது. பதிவுக் கோப்பை, நிரல் விழும்போது திறக்காமல், தொடங்கும்போதே திறந்து அதன் எண்ணை வைத்துக்கொள்கிறது. எண்ணை எழுத்தாக மாற்ற பிரின்ட்எஃப் கிடையாது என்பதால், பதினாறடிமானத்தில் மாற்றும் பத்து வரியை நானே எழுதிக்கொண்டேன். உள்ளே வந்ததும் முதல் வேலை, 5 விநாடிக்கு அலாரம் வைப்பது. ஹேண்ட்லர் எங்காவது மாட்டிக்கொண்டாலும் அந்த அலாரம் நிரலைக் கொன்றுவிடும், சிஸ்டம்டி எழுப்பிவிடும். இந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் கொப்பி நனைந்திருக்காது. எதற்கும் சிஸ்டம்டியின் வோட்ச்டொக்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன், நிரல் குறித்த நேரத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் அதுவே கொல்லும்.

அடுத்தது வரிசை. உறுதியாகக் கிடைக்கக்கூடியதை முதலில் எழுத வேண்டும், ஆபத்தானதைக் கடைசியில். சிக்னல் எண், தொட்ட முகவரி, விழுந்த கட்டளையின் முகவரி ஆகிய மூன்றும் கேர்னல் கையில் தரும் தகவல். சிக்அக்ஷனில் எஸ்ஏ-சிக்இன்ஃபோ கொடியைப் போட்டால் ஹேண்ட்லருக்கு வந்து சேரும். இவற்றை ரைட் செய்து, எழுதியதை உறுதியாகச் சேமிக்கும் எஃப்சிங்க்கும் செய்துவிட்டுத்தான் பேக்ட்ரேஸ் பக்கம் போவேன். ஸ்டாக்கே கெட்டுப்போயிருந்தால் பேக்ட்ரேஸ் எடுக்கப் போகும்போது ஹேண்ட்லர் தானும் விழும். விழட்டும், முக்கியமான வரி ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது.

அந்த மூன்று எண்ணை ஏளனமாக நினைப்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். சில மாதம் கழித்து அதே பெட்டி ஒருமுறை விழுந்து 3 விநாடியில் எழுந்தது. மடுவத்தில் யாரும் கவனிக்கவேயில்லை. கோப்பில் சிக்னல் 11, தொட்ட முகவரி பதினாறடிமானத்தில் 18 என்று இருந்தது, நம் கணக்கில் 24. இவ்வளவு சிறிய முகவரி என்றால், எதையும் காட்டாத வெறும் பொயின்டரைப் (முகவரி 0) பிடித்துக்கொண்டு ஒரு கட்டமைப்பின் உள்ளே கை விட்டிருக்கிறது என்று அர்த்தம். என் பதிவுக் கட்டமைப்பில் அட்டை எண் 8 பைட், பெயரைக் காட்டும் பொயின்டர் 8 பைட், கிலோ 8 பைட், அதற்கடுத்து 24இல் நேரம். இல்லாத பதிவு ஒன்றின் நேரத்தை வாசித்திருக்கிறது. நேரத்தை வாசிக்கும் இடம் நிரலில் இரண்டே இரண்டு. பேக்ட்ரேஸைப் பார்க்கும் முன்பே பாதித் தூரம் வந்தாயிற்று. இன்டெல் 64-பிட் இயந்திரத்தில் ஒரு எச்சரிக்கை: முகவரியாக இருக்கவே முடியாத குப்பை எண்ணைத் தொட்டால் கேர்னல் தொட்ட முகவரி 0 என்றே சொல்லும். 0 என்று கண்டதும் வெறும் பொயின்டர் என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

பேக்ட்ரேஸ் என்பது வந்த வழி. ஒவ்வொரு ஃபங்ஷனும் இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பி வர வேண்டிய முகவரி ஸ்டாக்கில் விழுகிறது. அவற்றை உச்சியிலிருந்து அடிவரை பொறுக்கினால் யார் யாரைக் கூப்பிட்டார் என்று தெரியும். பொறுக்குவதற்கு வழி இரண்டு. ஒன்று, ஒவ்வொரு ஃபங்ஷனும் தனக்கு முந்தியதன் இடத்தைக் குறித்து வைக்கும் ஃப்ரேம் பொயின்டர் சங்கிலி. சிபியுவுக்குள் இருக்கும் சின்ன நினைவிடமான ரெஜிஸ்டர் ஒன்று மிச்சம் என்று கம்பைலர்கள் இதை நெடுங்காலம் வெட்டி வந்தன. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு காலம் ஓடுவது என்று லினக்ஸ் வகைகளில் 2023இல் ஃபெடோரா 38உம் 2024இல் உபுண்டு 24.04உம் தங்கள் பொதிகளில் இதைத் திரும்பக் கொண்டுவந்தன. மற்றது, கம்பைலர் தனியாக எழுதி வைக்கும் அன்வைண்ட் அட்டவணை. ஜிலிப்சியின் பேக்ட்ரேஸ் ஃபங்ஷன் பொதுவாக இதை நம்பித்தான் நடக்கிறது. 32-பிட் ஆர்மில் இந்த அட்டவணையை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் பேக்ட்ரேஸ் ஒரு படியோடு நின்றுவிடும்.

இந்தப் பேக்ட்ரேஸ் ஃபங்ஷனில் ஒரு கண்ணி உண்டு. முதல் தடவை கூப்பிடும்போது அது லிப்ஜிசிசி என்ற நூலகத்தை அந்த இடத்திலேயே ஏற்றும், ஏற்றும்போது மல்லொக் நடக்கலாம். ஆகவே நிரல் தொடங்கியதும் சும்மா ஒருமுறை கூப்பிட்டுப் பதிலை எறிந்துவிட வேண்டும். ரோலரைக் கொழுந்து போடும் முன் ஒரு சுற்று வெறுமனே ஓட்டிப் பார்ப்பது போல. முகவரிகளைப் பெயராக மாற்றும் பேக்ட்ரேஸ்-சிம்பல்ஸ் மல்லொக் செய்யும், அது ஆகாது. அதன் தம்பியான பேக்ட்ரேஸ்-சிம்பல்ஸ்-எஃப்டி மல்லொக் இல்லாமல் நேரே கோப்புக்கு எழுதும். ஆர்டைனமிக் என்ற கொடியோடு லிங்க் செய்தால்தான் அதில் நம் ஃபங்ஷன் பெயர் தெரியும், அப்படியும் ஸ்டாட்டிக் என்று குறித்தவை தெரியாது. ஜிலிப்சிக்குப் பதிலாக மசில் நூலகத்தோடு கட்டும் நிரலுக்கு இந்தக் குடும்பமே கிடையாது, லிப்அன்வைண்ட் போன்ற வேறொன்றைத்தான் நாட வேண்டும். முன்பு ஜிலிப்சியோடு லிப்செக்ஃபோல்ட் என்றொன்று வரும், நிரலை மாற்றாமலே பேக்ட்ரேஸ் எடுத்துத் தரும். 2022இல் 2.35 பதிப்போடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

நான் இப்போது பெயரே கேட்பதில்லை. வெறும் முகவரிகளை எழுதிவிட்டு, கூடவே, நிரல் மெமரியில் எங்கே ஏறியிருக்கிறது என்று சொல்லும் புரொக்-செல்ஃப்-மேப்ஸ் கோப்பைத் திறந்து அப்படியே நகலெடுத்துப் போடுகிறேன். ஓப்பன், ரீட், ரைட், வேறொன்றும் வேண்டாம். நிரல் ஒவ்வொரு முறையும் மெமரியில் வேறு வேறு இடத்தில் ஏறும். மேப்ஸைப் பார்த்துத் தொடக்க முகவரியைக் கழித்தால் நிரலுக்குள் எத்தனையாவது பைட் என்று வரும். மிச்சத்தை வீட்டில் இருந்து, டிபக் தகவலோடு வைத்திருக்கும் பிரதியின் மேல், முகவரியை வரி எண்ணாக மாற்றும் அட்ரு2லைன் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியில் ஓடுவதும் வீட்டில் இருப்பதும் ஒரே கட்டுமானம்தானா என்று பில்ட் ஐடியை ஒப்பிட்டுக்கொள்வது அவசியம். ஒரு முறை பழைய பிரதியின் மேல் ஓட்டி, குற்றமே செய்யாத ஃபங்ஷனை அரை நாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அட்ரு2லைன் 214ஆம் வரி என்று சொன்னால் 214ஐ உடனே திட்டாதீர்கள். ஸ்டாக்கில் இருப்பது திரும்பி வர வேண்டிய முகவரி, அதாவது கூப்பிட்டதற்கு அடுத்த கட்டளை. பல நேரம் அது அடுத்த வரியாகவே இருக்கும். முகவரியிலிருந்து 1ஐக் கழித்துவிட்டுக் கேட்டால் கூப்பிட்ட வரி வரும். விழுந்த இடத்துக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது கேர்னல் சொன்ன சரியான முகவரி. இடையில் ஒரு ஃபங்ஷனைக் காணவில்லை என்றால் கம்பைலர் அதை இன்னொன்றுக்குள் கரைத்திருக்கும், இன்லைன் கொடியோடு கேட்டால் அட்ரு2லைன் சொல்லும். கடைசி வரியில் இன்னொன்றைக் கூப்பிட்டு முடியும் ஃபங்ஷன் ஸ்டாக்கில் தடமே விடாமல் போயிருக்கலாம், அதற்கு மருந்து இல்லை.

முடிவில்லாமல் தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன் ஸ்டாக்கைத் தின்று தீர்த்தால் என்ன ஆகும்? லினக்ஸில் முதன்மைத் திரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி. அது தீர்ந்து சிக்னல் 11 வரும்போது, ஹேண்ட்லர் ஓடவும் ஸ்டாக் வேண்டுமே. இடமில்லை. ஹேண்ட்லர் ஒரு வரி ஓடாமலே நிரல் செத்துப்போகும். இதற்காகச் சிக்ஆல்ட்ஸ்டாக் மூலம் தனி இடம் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கி, எஸ்ஏ-ஒன்ஸ்டாக் கொடியோடு ஹேண்ட்லரைப் பதிய வேண்டும். பழைய உதாரணங்களில் சிக்-எஸ்டிகே-சைஸ் என்ற மாறிலியை அளவாகப் போட்டிருப்பார்கள், இன்டெல் இயந்திரத்தில் அது 8,192 பைட். புதிய சிபியுகளின் அகலமான ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைக்கவே அதில் ஒரு பெரிய பங்கு போய்விடுவதால், 2021இல் ஜிலிப்சி 2.34 அதை மாறிலி என்ற நிலையிலிருந்தே எடுத்துவிட்டது. 64 கேபி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இந்த இடம் திரெட்டுக்குத் திரெட் தனி என்பதைப் பலர் மறக்கிறார்கள். முதன்மைத் திரெட்டுக்கு மட்டும் செய்துவிட்டு மற்றதில் விழுந்து தவிப்பார்கள்.

திரெட் என்றதும் இன்னொன்று. ஒன்று விழுந்து ஹேண்ட்லருக்குள் இருக்கும்போது மற்றவை ஓடிக்கொண்டேதான் இருக்கும், அவையும் விழலாம். ஒரே கோப்பில் இரண்டும் கலந்து எழுதினால் வாசிக்க முடியாது. அட்டோமிக் கொடி ஒன்றை வைத்து, இரண்டாவதாக வருபவரை போஸ் அழைப்பில் நிறுத்திவிட்டால் போதும். முதலாமவர் வேலையை முடித்து எல்லோரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்.

எழுதி முடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நல்ல நிரல்களும் சறுக்குகின்றன. சிக்னல் 11க்கு ஹேண்ட்லரிலிருந்து சும்மா திரும்பினால், விழுந்த அதே கட்டளை மறுபடி ஓடி மறுபடி விழும், முடிவே இல்லாமல். எக்ஸிட் 0 என்று வெளியேறினால் அது பொய். கோளாறு என்றால் மட்டும் எழுப்பு என்று சிஸ்டம்டியிடம் சொல்லியிருந்தால், 0 என்ற பதிலைப் பார்த்து, வேலை நல்லபடி முடிந்தது என்று அது எழுப்பாமலே இருந்துவிடும். சிக்னலை அதன் இயல்பான நடத்தைக்கு மாற்றிவிட்டு, ரெய்ஸ் மூலம் தனக்குத் தானே மறுபடி அனுப்பிக்கொள்ள வேண்டும். அப்போது எந்தச் சிக்னலால் செத்தது என்று உள்ளது உள்ளபடி வெளியே தெரியும், கோர் டம்ப்பும் கிடைக்கும்.

இன்னொரு ஆசையையும் இங்கேயே வெட்டிவிடுகிறேன். சாகும் நேரத்தில் கையில் இருக்கும் கணக்கைக் கோப்பில் கொட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மெமரி கெட்டதால்தான் இங்கே வந்திருக்கிறோம், அதே மெமரியில் இருக்கும் கிலோவை எந்த நம்பிக்கையில் எழுதுவது? எடை போட்ட கணத்திலேயே ஒரு வரி எழுதி எஃப்சிங்க் செய்துவிட்டால் சாகும்போது காப்பாற்ற எதுவும் மிச்சமிருக்காது. மழைக்காலத்தில் கரண்ட் போகும்போது எந்தச் சிக்னலும் வருவதில்லை, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோர் டம்ப் என்றால் சாகும் நிமிடத்தில் நிரலின் மெமரி முழுவதன் நகல். நுண்ணிய காந்த வளையங்களைக் கோத்து மெமரி செய்த காலத்தில் அந்த வளையத்துக்குப் பெயர் கோர். வளையம் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. நிரலுக்குள் எதையும் எழுதாமல், கேர்னலே பார்த்துக்கொள்ளட்டும், சிஸ்டம்டியின் கோர்டம்ப் சேவை பத்திரப்படுத்தட்டும் என்று விட்டுவிடலாம். செத்துக்கொண்டிருப்பவர் தன் மரண விசாரணையைத் தானே எழுதுவதைவிட, வெளியே நல்ல நிலையில் இருக்கும் இன்னொருவர் எழுதுவது எப்போதும் நம்பகமானது. கூகிளின் கிராஷ்பேட் தனி புரொசஸ் வைத்து விசாரிப்பதும் இதே காரணத்துக்குத்தான். இடமும் இணையமும் உள்ள சேர்வர் என்றால் நான் இதையே செய்வேன்.

மடுவத்துப் பெட்டியில் செய்யவில்லை. மெமரி கார்ட்டில் இடம் குறைவு, அங்கே கவரேஜ் வந்தால்தான் உண்டு, கோரைத் தூக்கிவர பென் டிரைவோடு நானே போக வேண்டும். அதைவிடப் பெரிய தயக்கம், அந்த நகலுக்குள் மலையில் வேலை செய்யும் எல்லோருடைய பெயரும் அட்டை எண்ணும் நாட்கணக்கும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், அதை என் பையில் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏற எனக்கு மனம் வரவில்லை. முகவரிகள் மட்டுமுள்ள சிறிய கோப்பில் யாருடைய பெயரும் கிடையாது.

கடைசி வேலை, எழுதிய ஹேண்ட்லரை வேண்டுமென்றே கொன்று பார்ப்பது. கில் கட்டளையால் 11ஐ வெளியிலிருந்து அனுப்பிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். அப்படி வரும் சிக்னல் பெரும்பாலும் நிரல் தராசுக்காகச் சும்மா காத்திருக்கும் நேரத்தில்தான் வந்து சேரும், எந்தப் பூட்டும் பூட்டியிருக்காது. என் பழைய ஹேண்ட்லர் அந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் பாஸ் ஆனது. இப்போது நிரலில் ஒளித்து வைத்த நான்கு சோதனைகள் இருக்கின்றன: வெறும் பொயின்டரை வாசிப்பது, தன்னையே கூப்பிட்டு ஸ்டாக்கைத் தீர்ப்பது, இரண்டாவது திரெட்டிலும் அதையே செய்வது, 32 பைட் ஒதுக்கி அதில் முத்துலெட்சுமி என்று எழுதிவிட்டு மல்லொக் விழும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பது. மூன்றாவதில் முதல் தடவை கோப்பு காலியாக வந்தது. அந்தத் திரெட்டுக்குச் சிக்ஆல்ட்ஸ்டாக் போட நானும் மறந்திருந்தேன்.